‘வற்றிய மாடு’ என்னும் பிழைப்பெயர்

சினைக்காலத்தின் இறுதியில் பசுக்களுக்கு வரும் ஒரு நோய்க்குக் கால்நடை மருத்துவ நூல்கள் ‘பிரெக்னன்சி டாக்சீமியா’ என்று பெயரிட்டிருக்கின்றன. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது ‘சினைக்கால நச்சேற்றம்’ ஆகும். இப்பெயரைக் கேட்கும் உழவர் முதலில் நஞ்சைத்தான் தேடுவார். மாடு எங்கே மேய்ந்தது, இளஞ்சோளப் பயிரில் வாய் வைத்ததா, பூச்சிமருந்து தெளித்த வரப்பில் புல் தின்றதா என்றே அவர் மனம் ஓடும். தேடும் பொருள் அவருக்குக் கிடைக்காது. இந்நோயில் வெளியிலிருந்து எந்த நஞ்சும் உடலுக்குள் வருவதில்லை. வயிற்றில் வளரும் கன்றின் தேவைக்கு ஈடுகொடுக்க இயலாத தாய், தன் உடற்கொழுப்பை அளவுமீறிக் கரைப்பதால் விளையும் நோய் இது. பெரும்பாலும் இது பசியின் நோய்.

நோயின் பெயர் பசியை மறைத்து நஞ்சைக் காட்டுகிறது. அதே மாதங்களில் அந்த மாட்டுக்கு வழங்கும் இன்னொரு பெயரான ‘வற்றிய மாடு’, சினையை மறைத்து மடியை மட்டும் காட்டுகிறது. பெயர்கள் வெறும் ஒட்டுச்சீட்டுகள் அல்ல. எதைக் கணக்கெடுப்பது, எதற்குச் செலவிடுவது, எதைக் குற்றம் என்பது ஆகியவற்றை அவை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. இந்தியாவில், குறிப்பாகத் தில்லி போன்ற பெருநகரில், நிறைசினை மாட்டின் பட்டினி எவர் கண்ணிலும் படாமல் போவதற்கு இந்த இரு பெயர்களுக்கும் பங்குண்டு.

முதலில் நோயின் இயல்பைப் பார்க்கலாம். மனிதர் சோறு உண்டால் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோசாகி, குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. அசைபோடும் விலங்குக்கு இந்த வழி ஏறத்தாழ அடைபட்டது. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் நொதிக்கச் செய்து, எளிதில் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய புரோப்பியானிக் அமிலத்தை முதன்மையாகக் கொண்டு கல்லீரல் குளுக்கோசை உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே பசு வேளாவேளைக்குத் தீனி எடுத்தால்தான் அதன் குருதியில் சர்க்கரை நிலைநிற்கும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எருமைக்கு 310 நாளளவு. கன்று தன் பிறப்பெடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கடைசி இரண்டு மாதங்களில்தான் அடைகிறது. அக்கன்றின் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அதே மாதங்களில் பெருத்த கருப்பை வயிற்றறையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தாய் உண்ணக்கூடிய அளவு குறைகிறது. தேவை ஏறும் நேரத்தில் வரவு இறங்குகிறது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அந்தக் கொழுப்பை முழுமையாக எரிக்க வேண்டுமானால், குளுக்கோஸ் ஆக்கத்தில் செலவாகும் அதே இடைப்பொருள் வேண்டும். அது போதாதபோது, எரியாத பகுதி கீட்டோன் பொருள்களாகி இரத்தத்தில் தேங்குகிறது. மிஞ்சிய கொழுப்பு கல்லீரலில் படிகிறது. நூல்கள் ‘நஞ்சு’ என்று பெயரிட்டது இந்தத் தேக்கத்தைத்தான்.

நோய் தொடங்கும்போது மாடு அடர்தீவனத்தை மறுக்கிறது. பிறகு வைக்கோலையும் முகர்ந்துவிட்டு விலகுகிறது. கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கிறது. சாணம் இறுகுகிறது. மூச்சில் அழுகிய பழத்தைப் போன்ற இனித்த வாடை வீசுகிறது. ஒரு நாள் படுத்துவிட்டால் மீண்டும் எழுவது அரிது. குளுக்கோசை நேரே இரத்தக்குழாயில் ஏற்றுவதும், புரோப்பிலீன் கிளைக்கால் புகட்டுவதும், வேண்டுமானால் மருந்து கொடுத்தோ அறுவை செய்தோ கன்றை முன்கூட்டி வெளியே எடுப்பதும் மருத்துவரின் வழிகள். படுத்த பின் செய்யும் மருத்துவத்தால் பிழைப்பவை சிலவே. ‘சர்க்கரை குறைந்தால் வெல்லம் கரைத்து ஊற்று’ என்னும் வழக்கமும் உண்டு. ஆனால் வெல்லம் பெருவயிற்றில் நொதித்துவிடும்; குளுக்கோசாக இரத்தத்தை எட்டாது. நொதித்தலில் கிடைக்கும் பியூட்டிரிக் அமிலமோ கீட்டோனாகவே மாறக்கூடியது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசுக்களில் கன்று ஈனுவதற்கு முன்பே இந்நோய் முற்றிய வடிவில் வெளிப்படுவது, செம்மறியிலும் வெள்ளாட்டிலும் காண்பதைவிடக் குறைவு. ஆடுகளில் இரட்டைக் குட்டி சுமப்பவையே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. மேலைநாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கும் பசுக்களில், இரட்டைக் கன்று சுமப்பவற்றிலும் கடைசி மாதங்களில் தீவனம் குறைந்தவற்றிலும் இது காணப்படுகிறது. கறவைப் பசுக்களில் இதே பற்றாக்குறை பெரும்பாலும் கன்று ஈன்ற சில வாரங்களில், பால் ஏறும்போது, கீட்டோசிஸ் என்ற பெயரில் வெளிப்படுகிறது. ஆகவே இந்நோய் அரிது என்று சொல்லி ஒதுக்குவது பொருந்தாது. கடன் ஒன்றுதான், அது கழுத்தை நெரிக்கும் தேதி மட்டும் மாறுகிறது. நோயாக முற்றாத இடத்திலும் மெலிந்த கன்று, தரம் குறைந்த சீம்பால், குறைந்த கறவை, தள்ளிப்போகும் அடுத்த சினை என அந்தக் கடன் வட்டியோடு வசூலாகிறது.

இனிப் பெயர்களுக்கு வரலாம். மருத்துவப் பெயர் நோயாளியின் உறவினரைத் தவறான திசையில் அனுப்புவது புதிதன்று. கன்று ஈன்றவுடன் பசுவை வீழ்த்தும் ‘பால் சுரம்’ என்னும் நோயில் சுரம் இருப்பதில்லை; உடல் வெப்பம் குறைந்து காதும் கால்களும் சில்லிட்டுப் போகும். இரத்தத்தில் கால்சியம் திடீரெனக் குறைவதே காரணம். பெயரை நம்பிச் சூடு தேடுபவர் நோயைத் தவறவிடுவார். மனித மருத்துவமும் ஒரு காலத்தில் கருவுற்ற பெண்களின் இரத்தக்கொதிப்பு நோயை ‘டாக்சீமியா’ என்றுதான் அழைத்தது. அப்படியொரு நஞ்சு கண்டறியப்படவில்லை என்று தெளிந்த பின் அப்பெயரைக் கைவிட்டு, ‘பிரி எக்ளாம்சியா’ என்பதை ஏற்றது. பெண்ணுக்குத் திருத்தப்பட்ட பெயர் பசுவுக்குத் திருத்தப்படவில்லை.

‘நச்சேற்றம்’ என்ற சொல் பொறுப்பையும் இடம் மாற்றுகிறது. நஞ்சு என்றால் வெளியே ஒரு குற்றவாளி உண்டு. களை, பூச்சிமருந்து, பகையாளி, ஊழ் என யாரேனும் அல்லது ஏதேனும். பசி என்றால் தொட்டியில் தீவனம் போட வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். முதற்பெயரில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

தமிழில் ‘சினை’ என்ற சொல்லுக்கு நீண்ட வாழ்வுண்டு. விலங்கின் கரு, மீனின் முட்டை, மரத்தின் கிளை, உடலின் உறுப்பு என்று அது பல பொருளில் வழங்குகிறது. இலக்கணத்தில் முழுமை ‘முதல்’ என்றும் அதன் கூறு ‘சினை’ என்றும் பெயர் பெறும். வழக்கில் ‘முதல்’ என்பது வணிகத்தில் போட்ட பணத்தையும் குறிக்கும். பசுவின் கடைசி மாதங்களை விளக்க இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. அப்போது சினை முதலிலிருந்து எடுத்து வளர்கிறது. முதலுக்கு வரவில்லாவிட்டாலும் சினை எடுப்பதை நிறுத்துவதில்லை. வட்டிக்குப் பதில் முதலே கரையும் நிலை எந்த வணிகருக்கும் புரியும்.

இவ்வளவு நுட்பமான சொல்லை வைத்திருக்கும் மொழியில், சினையின் மிக நெருக்கடியான காலத்துக்கு வழங்கும் பெயரோ ‘வற்றிய காலம்’. நல்ல பராமரிப்பில் உள்ள பசு கன்று ஈன்று மூன்று மாதமளவில் மீண்டும் சினைப்படுகிறது. சினையின் ஏழாம் மாதம்வரை பால் தருகிறது. அதன்பின் ஏறத்தாழ 60 நாள் கறவை நிறுத்தப்படுகிறது. அந்த 60 நாளும் அது ‘வற்றின மாடு’. சில வழக்குகளில் ‘வறட்டு மாடு’ என்றும் சொல்வர். மலட்டு மாட்டுக்கும் அதே சொல்தான். கருவுறாத உடலையும் நிறைந்த கருவைச் சுமக்கும் உடலையும் ஒரே சொல் சுட்டுகிறதென்றால், சொல்பவரின் பார்வை மடியைத் தாண்டவில்லை என்று பொருள். ஆங்கிலத்தின் ‘டிரை’யும் இதே வேலையைத்தான் செய்கிறது. இந்தியில் சினை விலங்குக்குக் ‘காபின்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆயினும் பால்பண்ணைக் கணக்கில் மாடு ‘டிரை’ ஆனவுடன் அந்தச் சொல் பின்னுக்குப் போய்விடுகிறது.

தமிழ்க் குடும்பங்களில் கருவுற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, வகைவகையாகச் சோறு கட்டிப் போடுகிறார்கள். அம்மாதங்களில் வயிறு எதைக் கேட்கும் என்ற அனுபவ அறிவு அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. பசுவின் ஏழாம் மாதத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அன்றோடு கறவை நிற்கிறது. கறவையோடு தவிடும் பிண்ணாக்கும் நிற்கின்றன. ‘பால் கொடுக்காத மாட்டுக்கு எதற்குத் தீவனம்’ என்ற கணக்கு, அதற்குத் தீவனம் மிகவும் வேண்டிய நாளில் தொடங்குகிறது.

இந்தச் சொல் மக்கள் வழக்கோடு நிற்கவில்லை. அரசின் கால்நடைக் கணக்கெடுப்பு வளர்ந்த பெண் மாடுகளைப் பால் தருபவை, வற்றியவை, ஒருமுறையும் ஈனாதவை என்று வகுக்கிறது. 2019இல் நடந்த 20ஆவது கணக்கெடுப்பின்படி நாட்டில் பால் தரும் நிலையிலும் வற்றிய நிலையிலும் இருந்த பசுக்களும் எருமைகளும் சேர்ந்து 12.53 கோடி. இவற்றுள் சினையாக இருந்தவை எத்தனை என்று இந்த வகைப்பாட்டால் சொல்ல முடியாது. தலைச்சினைக் கிடேரி ‘ஈனாதவை’யில் ஒளிந்துகொள்கிறது. இளஞ்சினைப் பசு ‘பால் தருபவை’யில் கலந்துவிடுகிறது. நிறைசினைப் பசு ‘வற்றியவை’யில் மலட்டு மாட்டோடும் கிழட்டு மாட்டோடும் நிற்கிறது. பால் என்ற ஒரே அளவுகோலால் வகுத்ததால், சினை என்ற நிலை மூன்று கட்டங்களிலும் சிதறி மறைந்துபோனது. 21ஆவது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டது. கோடிக்கணக்கான விலங்குகளை வீடு வீடாகச் சென்று எண்ணும் ஒரு முயற்சி, வயிற்றில் கன்று உண்டா என்பதைத் தனிக் கட்டமாக வைத்திருந்தால் தீவனக் கொள்கைக்கு அது எவ்வளவு உதவும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பணம் வரும் வழியும் இதே அளவுகோலைப் பின்பற்றுகிறது. 1946இல் கேடா மாவட்டத்தில் பால் ஒன்றியம் உருவான காலந்தொட்டு, கூட்டுறவின் பெருஞ்சிறப்பு காலையும் மாலையும் ஊற்றிய பாலுக்குக் கணக்கு வைத்துப் பணம் தருவது. பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள். சிறு உழவரின் கையில் ஒழுங்காகப் பணம் சேர்த்த ஏற்பாடுகளுள் இது முதன்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் லிட்டருக்குப் பணம் என்ற ஏற்பாட்டில், லிட்டர் இல்லாத 60 நாளும் வரவு சுழியம். அடுத்த பத்து மாதப் பாலுக்கான அடித்தளம் அந்த 60 நாளில்தான் போடப்படுகிறது. அந்த உழைப்புக்குச் சங்கத்தின் பேரேட்டில் வரியே இல்லை.

தில்லியில் இது இன்னும் கூர்மையாகிறது. 1959இல் தில்லிப் பால் திட்டமும் 1974இல் மதர் டெய்ரியும் வந்த பின்னரும், நகருக்குள் மாடு வைத்துப் பால் விற்பது நிற்கவில்லை. காஜிப்பூர், பல்ஸ்வா, மதன்பூர் காதர், நங்லி சக்ராவதி, ககரோலா, கோயலா, ஜரோடா, ஷாபாத் தௌலத்பூர், மசூத்பூர் எனப் பால்பண்ணைக் குடியிருப்புகள் நகரைச் சுற்றி இருக்கின்றன. கிராமத்தில் வற்றிய மாட்டை வரப்பிலும் தரிசிலும் அவிழ்த்து விடலாம். ஏதோ ஒரு வாய்ப் புல் கிடைக்கும். நகரப் பண்ணையில் மேய்ச்சல் நிலம் இல்லை. ஒவ்வொரு பிடி வைக்கோலும் விலைக்கு வாங்கியது. மாடு நிற்கும் இடமும் காசு. ஆகவே அங்கே வற்றிய எருமை சுமையாகிறது. கன்று ஈன்றதை வாங்கிக் கறப்பது, வற்றியதும் விற்பது அல்லது ஊருக்குத் திருப்பி அனுப்புவது என்பது நகரப் பால்தொழிலின் பழைய கணக்கு. பசுவாக இருந்தால் தெருவில் விடப்படுவதும் உண்டு. சினையோடு தெருவுக்கு வந்த பசு குப்பைத் தொட்டியில் நெகிழிப் பையோடு உணவைத் தேடுகிறது. பெருவயிற்றில் நெகிழி அடைத்த மாடு பார்வைக்கு வயிறு நிறைந்ததாகத் தெரியும். உள்ளே பட்டினி கிடக்கும்.

இது தில்லிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வற்றிய நகர மாடுகள் பெருமளவில் கழித்துக்கட்டப்படுவது அரசுகளைக் கவலைப்படுத்தியது. அவற்றைக் காப்பாற்றி மீண்டும் கறவைக்குக் கொண்டுவரும் திட்டங்களுக்கு அன்றைய அலுவலர்கள் வைத்த பெயர் ‘சால்வேஜ்’. மூழ்கிய கப்பலிலிருந்து சரக்கை மீட்பதற்கு வழங்கும் சொல் அது. கன்றைச் சுமந்து நிற்கும் விலங்கு அவர்கள் மொழியில் உடைந்த கப்பலாகிவிட்டது. நல்ல நோக்கத்தோடு தீட்டிய திட்டமும் தன் பெயரில் அந்த விலங்கின் விலையைச் சொல்லிவிடுகிறது.

சட்டத்தின் மொழியும் ஆராயத்தக்கது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. முதற்குற்றத்துக்கு அது வரையறுத்த தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும். அடுத்த பிரிவாகிய 12, பால் சுரப்பைக் கூட்டுவதற்காகக் கறவை விலங்கின் உடலுக்குத் தீங்கான செயலைச் செய்வதையும் ஊசி போடுவதையும் தண்டிக்கிறது. அதற்கு 1,000 ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும், விலங்கும் அரசுடைமையாகும். இரண்டும் கொடுமையே. எனினும் பட்டினிக்கும் பாலைக் கூட்டும் ஊசிக்கும் இடையிலான இந்த இடைவெளி, சட்டம் இயற்றியவர்களின் கண் எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சினை விலங்கை வெட்டக் கூடாது என்கின்றன. அங்கே மட்டும் சினை என்ற நிலை சட்டத்துக்குத் துலக்கமாகத் தெரிகிறது. கொல்லும் வாசலில் கேட்கப்படும் ‘சினையா’ என்ற கேள்வி தீவனத் தொட்டியருகே கேட்கப்படுவதில்லை.

2024இல் தில்லி உயர்நீதிமன்றம் பால்பண்ணைக் குடியிருப்புகள் பற்றிய பொதுநல வழக்கில் முக்கியமான ஆணைகளைப் பிறப்பித்தது. ஆக்சிடோசின் ஊசி போடுவது 12ஆம் பிரிவின்படி குற்றம் என்று சுட்டி, வாரந்தோறும் சோதனை நடத்தச் சொன்னது. குப்பை மலைகளை ஒட்டியிருக்கும் காஜிப்பூர், பல்ஸ்வா பண்ணைகளின் மாடுகள் கழிவைத் தின்பதையும், அப்பாலைக் குழந்தைகள் குடிப்பதையும் எண்ணிக் கவலை தெரிவித்தது. அந்தத் தலையீடு தேவையானது, பாராட்டுக்குரியது. ஆயினும் அதைச் சுற்றி நகரில் எழுந்த பேச்சு பெரும்பாலும் ‘குடிக்கும் பால் தூயதா’ என்பதைச் சுற்றியே நின்றது. ஊசி பால் தரும் மாட்டுக்குப் போடப்படுவது. தூய்மை பாலின் பண்பு. பால் தராத இரண்டு மாதங்களில் அதே மாடு எங்கே இருந்தது, எதைத் தின்றது என்ற கேள்வி செய்தியாகவில்லை.

தில்லியில் பசுவின்மீது அன்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வீட்டில் சுட்ட முதல் ரொட்டியைப் பசுவுக்கு வைக்கும் வழக்கம் அங்கே பலருக்கு உண்டு. திருநாளில் பூரியும் இனிப்பும் தெருமுனையில் குவிகின்றன. ஆனால் மாவுப்பண்டம் ஒரே நேரத்தில் மிகுதியாகச் சேர்ந்தால் பெருவயிற்றில் அமிலம் ஏறும். மாடு தீனியையே நிறுத்திவிடும். நிறைசினை மாட்டுக்குத் தீனி நிற்பதே நோயின் தொடக்கம். அளவு தெரியாத அன்பும் அக்கறையின்மையும் அந்த வயிற்றுக்குள் ஒரே முடிவில் சந்திக்கின்றன.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வறுமை. வரவில்லாத இரண்டு மாதங்களில் ஒரு கூலித் தொழிலாளியோ சிறு உழவரோ தீவனத்துக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எவ்வளவு தீவனம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின் கேட்க வேண்டிய கேள்வி அது. ஏழாம் மாதத்துக்குப் பின் வழக்கமான பசுந்தீவனம், வைக்கோலோடு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனமும் சிறிது தாது உப்புக் கலவையும் கூடுதலாகத் தர வேண்டும் என்பதே பரவலான பரிந்துரை. 60 நாளுக்கு அது 60 முதல் 90 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் இரண்டுக்கும் குறைவு. இதைத் தர இயலாதவர் மாட்டை வதைக்கிறார் என்று பழிப்பது எளிது. அந்த இரண்டு மூட்டையைக் கடனாகவாவது தரும் ஏற்பாடு இல்லாத சங்கத்தையும் அரசையும் கேள்வி கேட்பதே முறை.

இரண்டாவது மறுப்பு அறிவியல் சார்ந்தது. கொழுத்த பசுவுக்கும் இந்நோய் வருகிறதே, பின் எப்படி இது பசியின் நோய் ஆகும் என்று கேட்கலாம். வருவது உண்மைதான். அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த பசு ஈற்று நெருங்கும்போது தீனியை வேகமாகக் குறைத்துக்கொள்கிறது. கரைப்பதற்குக் கொழுப்பும் அதனிடம் மிகுதி. ஆக, உடலில் இருப்பு இருந்தும் வாய்வழி வரவு நிற்பதால் அது நோய்ப்படுகிறது. இது முன்சொன்ன வாதத்தை முறிப்பதில்லை. பசு மெலியவும் கூடாது, கொழுக்கவும் கூடாது. சினையின் மாதத்தை அறிந்து அளந்து ஊட்டப்பட வேண்டும். மாதத்தை அறிய, அதைச் சினைமாடாகப் பார்க்க வேண்டும். ‘வற்றியது’ என்று மட்டும் பார்ப்பவர் எட்டாம் மாதத்தையும் ஒன்பதாம் மாதத்தையும் வேறுபடுத்த மாட்டார்.

ஈற்றுக்கு முன் தீவனத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பது இன்றைய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் ராபர்ட் பௌட்ஃப்ளவர் 1920களிலேயே இதை வற்புறுத்தினார். நீராவி இயந்திரம் ஓடுவதற்கு முன் கொதிகலனைச் சூடேற்றுவது போல என்னும் கருத்தில், அம்முறைக்கு ‘ஸ்டீமிங் அப்’ என்ற பெயர் நிலைத்தது. பெயர் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு அதுவும் சான்று. ‘வற்றிய காலம்’ என்ற பெயரில் மாடு ஓய்ந்து கிடக்கிறது. ‘சூடேற்றும் காலம்’ என்ற பெயரில் அது அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிறது. அறிவு ஏறத்தாழ நூறு ஆண்டாக இருக்கிறது. தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கர்னாலில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. குறை அறிவில் இல்லை.

கருவிகளும் இருக்கின்றன. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய தகவல் தொகுப்பில் மாட்டின் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்ணோடு கருவூட்டல், சினைப் பரிசோதனை, கன்று ஈனல் ஆகிய பதிவுகள் சேர்கின்றன. அதே வாரியம் தேசியப் பால்வளத் திட்டத்தின்கீழ் மாட்டுக்கு மாடு தீவனக் கணக்குப் போட்டுத் தரும் சமச்சீர் தீவனத் திட்டத்தையும் கிராமங்களில் நடத்திக் காட்டியது. இவ்விரண்டும் கூடினால் போதும். சினை உறுதியான மாட்டின் ஏழாம் மாதம் எப்போது தொடங்கும் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த நாளில் சங்கம் இரண்டு மூட்டைத் தீவனத்தைக் கடனாகக் கொடுத்து, ஈன்ற பின் வரும் பால் பணத்தில் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம். ஈற்றுக்கு முந்தைய வாரங்களில் சிறுநீரில் ஒரு ரோத்தெரா சோதனை செய்தால், கீட்டோன் இருந்தால் ஊதா வளையம் தோன்றும். கால்நடைக் கல்லூரி மாணவர்கள் தொடக்க ஆண்டுகளில் கற்கும் எளிய சோதனை அது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகரப் பால்பண்ணைகளுக்கு உரிமம் தரும்போது, கறவை மாடுகளின் எண்ணிக்கையோடு சினைமாடுகளின் எண்ணிக்கையையும், வற்றிய மாடு எங்கே அனுப்பப்பட்டது என்பதையும் பதியச் செய்யலாம்.

இவற்றோடு மொழித்துறையினரும் மருத்துவத் துறையினரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி ஒன்றும் உண்டு. தமிழில் கால்நடைக் கலைச்சொல் ஆக்குபவர்கள் ‘டாக்சீமியா’வை நச்சேற்றம் என்று பெயர்ப்பதை நிறுத்தி, ‘சினைக்காலப் பசிநோய்’ என்பது போல ஒரு சொல்லை ஆளலாம். மூலச்சொல்லே பிழையாக இருக்கும்போது அதற்கு விசுவாசமான மொழிபெயர்ப்பு பிழையைப் பெருக்குகிறது. ‘சினைக்காலப் பசிநோய்’ என்று கேட்ட மாத்திரத்தில் உழவர் தொட்டியைத் திரும்பிப் பார்ப்பார். அதுவே மருத்துவத்தின் முதற்படி.

‘வற்றிய காலம்’ என்பதற்கோ புதுச்சொல் ஆக்கவே வேண்டாம். சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அதை ‘வற்றின மாடு’ என்று கூவி விற்பதில்லை; ‘நிறைசினை’ என்கிறார். வாங்குபவரும் வயிற்றைத் தடவிப் பார்த்து, எத்தனையாம் ஈற்று, எத்தனை மாதம் என்று விசாரித்து விலை பேசுகிறார். விற்கும்போது நிறைசினையாக இருக்கும் அதே மாடு தீவனம் வைக்கும்போது வற்றியதாகிவிடுகிறது. இரண்டு பெயரும் ஒரே தெருவில்தான் புழங்குகின்றன. சந்தைக்குத் தெரிந்த பெயரைக் கணக்கெடுப்பும் கூட்டுறவுச் சங்கமும் பாடநூலும் ஏற்றுக்கொண்டால், அந்த 60 நாளுக்குத் தீவனம் ஒதுக்கும் வரியை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.